மறதி மாத்திரைய பார்கின்சனுக்குன்னு வித்தாங்க, அம்மாவோட பல்ஸ் 38க்கு எறங்கிடுச்சு. தயவுசெஞ்சு படிங்க

அம்மாவுக்கு 71 வயசு, பார்கின்சன் வந்து ஆறு வருஷம் ஆச்சு. அதுக்கு மடோபார் மாத்திரை போடுறாங்க, கை நடுக்கத்துக்கு பென்ஸ்ஹெக்ஸால், பிரஷருக்கு பிசோபிரொலால். நடுக்கத்தக்கூட சமாளிச்சுட்டோம், கீழ விழறதுதான் தாங்க முடியல, போன வருஷம் புளோக்குக்குக் கீழயே ரெண்டு தடவ, வீட்டுக்குள்ள எத்தன தடவன்னு கணக்கே இல்ல. அந்த நெலமையிலதான் சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் நம்பர் வந்துச்சு. சிங்கப்பூர்ல டெக்கா பக்கம் கடைவீட்டு மாடியில இருக்காரு, டிமென்ஷியா மாத்திரைய வச்சே பார்கின்சன், ஸ்ட்ரோக் எல்லாம் சரி பண்றாருன்னு சொன்னாங்க.

போனதும் ஒரு பிரிண்ட் அவுட்ட எடுத்து வச்சாரு. 2010ல அமெரிக்காவுல செஞ்ச ஆராய்ச்சி, டோனெபெசில்ங்குற மறதி மாத்திரைய குடுத்தப்ப பார்கின்சன்காரங்க விழறது கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிருக்குன்னு இருந்த வரியில மஞ்சள் கோடு. அது பொய்யில்லங்க, நெசமாவே அப்படி ஒரு ஆராய்ச்சி இருக்கு, அதனாலதான் நான் நம்பினேன். அதுல இருந்தது மொத்தமே 23 பேரு, ஆளுக்கு ஆறு வாரம்தான் மாத்திரைங்குறத ஆஸ்பத்திரி வார்டுல உக்காந்து படிச்சப்பதான் கவனிச்சேன்.

"ரிசர்ச் புரோகிராம் தங்கச்சி, மூணு மாசத்துக்கு 1,860 வெள்ளி, பேநவ் பண்ணிடுங்க"ன்னாரு. அம்மா மருந்து லிஸ்ட்ட நீட்டினேன், கையில வாங்கவே இல்ல. "அதுபாட்டுக்கு அது போகட்டும், ஸ்பெஷலிஸ்ட் கிட்ட சொல்லாதீங்க, அவங்க ஒத்துக்க மாட்டாங்க"ன்னு சொன்னாரு பாருங்க, அப்பவே அம்மா கையப் புடிச்சு எழுந்து வந்திருக்கணும். அம்மா பாவம், "தம்பி, நான் நடந்து கோயிலுக்குப் போனா போதும்"னு அவர்கிட்ட சொல்லிட்டு இருந்தாங்க.

குடுத்த மாத்திரை ஒரு சின்ன ஜிப் பையில. அட்டை கெடையாது, பேரு கெடையாது, மேல நீல மார்க்கர்ல 'ராத்திரி 1'னு மட்டும்.

மூணாவது நாள்லேருந்து கொமட்டல், வயித்துப்போக்கு. போன் பண்ணா மருந்து வேலை செய்யுதுங்குறாரு. நடுக்கம் கொறையறதுக்குப் பதிலா கூடிடுச்சு, மைலோ கப்ப ரெண்டு கையால புடிச்சும் பாதி மேசையில கொட்டுது. பன்னெண்டாவது நாள் காலையில டாய்லெட்ல விழுந்துட்டாங்க, இது எப்பவும் மாதிரி தடுமாறி விழுந்தது இல்ல, நின்னுட்டு இருந்தவங்க கண்ணு சொருகி அப்படியே சரிஞ்சுட்டாங்க, தாடை கிழிஞ்சு ரத்தம். 995க்கு போன் பண்ணோம், ஆம்புலன்ஸ்ல வந்தவங்க பல்ஸ் பாத்தா 38.

ஆஸ்பத்திரி பார்மசிஸ்ட் மாத்திரையில பொறிச்சிருந்தத வச்சு டோனெபெசில் 10 மில்லிகிராம்னு கண்டுபுடிச்சாங்க. மறதி நோயாளிக்கே 5ல ஆரம்பிச்சு நாலு ஆறு வாரம் கழிச்சுதான் 10க்கு ஏத்துவாங்களாம், இவரு மொத நாளே 10. டோனெபெசிலும் இதயத்துடிப்ப கொறைக்கும், பிசோபிரொலாலும் கொறைக்கும், ரெண்டும் சேந்துதான் மயக்கம். அதோட டோனெபெசில் மூளையில அசிட்டைல்கோலின்ங்குற ரசாயனத்தக் கூட்டும், அம்மா நடுக்கத்துக்குப் போடுற பென்ஸ்ஹெக்ஸால் அதோட வேலையத் தடுக்கும், ஆக ஒண்ணுக்கு ஒண்ணு எதிரி. லிஸ்ட்ட ஒரு நிமிஷம் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த மருந்து பாதி வெளியேறவே கிட்டத்தட்ட 70 மணி நேரம் ஆகும்னு சொல்லி அஞ்சு நாள் மானிட்டர்லயே வச்சிருந்தாங்க.

நியூரோ டாக்டர் என்னத் திட்டவே இல்ல. பார்கின்சனோட மறதியும் வந்தவங்களுக்கு ரிவாஸ்டிக்மின்னு இதே வகை மருந்த நாங்களே குடுக்குறோம், அமெரிக்காவுல 2006லயே அதுக்கு அனுமதி குடுத்தாச்சு, கீழ விழறதுக்கு பிரிட்டன்ல 130 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சியும் 2016ல வந்துச்சு, நம்பிக்கை இருக்கு ஆனா கொமட்டலும் வாந்தியும் அதிகம்னு பொறுமையா சொன்னாரு. "என்கிட்ட கேட்டிருந்தா ஈசிஜி எடுத்து, மருந்த மாத்தி, முடியுமா முடியாதான்னு பாத்திருப்பேன்மா"ன்னாரு. அத கேட்டப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு.

பணத்த கேட்டா "நீங்கதானே கையெழுத்து போட்டீங்க"ன்னு ஒரு பேப்பர போட்டோ எடுத்து அனுப்புறாரு, இன்னிவரைக்கும் ஒரு வெள்ளி வரல. ரிசர்ச்னு சொன்னாரே, சிங்கப்பூர்ல நெஜமான மருந்து ட்ரையல்னா எச்எஸ்ஏங்குற சுகாதார அறிவியல் ஆணையத்துக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிஞ்சுதான் நடக்கணும், எங்களுக்கு அப்படி ஒரு தாளும் காட்டல. டோனெபெசில் டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாத மருந்து. எச்எஸ்ஏல புகார் குடுத்துட்டேன், மிச்ச மாத்திரையோட அந்தப் பையையும் ஒப்படைச்சாச்சு.

இதே மாதிரி நீல மார்க்கர் எழுத்தோட பை உங்க வீட்ல இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. அப்பா அம்மாவுக்கு பல்ஸ் பாருங்க, 50க்குக் கீழ இருந்தாலோ தலை சுத்துனாலோ உடனே ஏ அண்ட் ஈக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) கூட்டிட்டுப் போங்க, பையையும் மருந்து லிஸ்ட்டையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. ஸ்பெஷலிஸ்ட் குடுத்த மருந்த நீங்களா நிறுத்திடாதீங்க. அம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க, தாடையில ஏழு தையல், இப்போ வாக்கர் புடிச்சு நடக்குறாங்க.