மாக்கா, எஸ்கியூலைட்டா, நிஜ போஸ்ட்கிரெஸ்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வாங்கும் எடை நிலையம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லோரி மேடையில் ஏறும், எடை பதிவாகும், சிறுதோட்டக்காரர் பெயருக்குச் சீட்டு அச்சாகும், மாதக் கடைசியில் பணக் கணக்கு. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். மென்பொருளும் தரவுத்தளமும் சேர்ந்து சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் இன்டக்ரேஷன் டெஸ்டை இதற்கு எழுத, தலைப்பில் உள்ள மூன்று வழிகளையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன்.

மாக், அதாவது நிஜத்துக்குப் பதில் நிற்கும் போலி, வைத்து எழுதுவது வேகமானது. ஆனால் தரவுத்தளம் என்ன பதில் தரும் என்பதை நாமே எழுதி வைத்து, அதே பதில் வருகிறதா என்று நாமே பார்க்கிறோம். எஸ்எம்எஸ் அனுப்பும் இடம், வங்கி இணைப்பு போன்ற வெளிச் சேவைகளுக்கு அது போதும். தரவுத்தளத்துக்கு நாம் எழுதும் எஸ்கியூஎல் கட்டளை சரியா என்று தெரிய அது உதவாது.

அடுத்தது, நினைவகத்திலேயே ஓடும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம். எதையும் நிறுவ வேண்டாம், நொடியில் முடிந்துவிடும். நானும் இதில்தான் தொடங்கினேன். எல்லா டெஸ்டும் பச்சை, அதாவது தேறின. புது பதிப்பைப் போட்ட மறுநாள் காலை நிலையத்தின் கிராணி (எழுத்தர்) அண்ணன் போன் செய்தார்: "தம்பி, பேர் போட்டுத் தேடினா ஒன்னுமே வரல. வெளிய லோரி வரிசையா நிக்குது." பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பதிவாகியிருந்தன, அவர் சின்ன எழுத்தில் தட்டியிருக்கிறார். எஸ்கியூலைட்டில் தேடப் பயன்படும் லைக் என்ற சொல், ஆங்கில எழுத்தில் பெரிசு சிறிசு பார்க்காது. போஸ்ட்கிரெஸ்ஸின் லைக் பார்க்கும். சரி, பெரிசு சிறிசு பார்க்காத ஐலைக் என்று மாற்றினேன். போஸ்ட்கிரெஸ்ஸில் தேடல் வேலை செய்தது. டெஸ்ட் உடைந்தது, ஏனென்றால் எஸ்கியூலைட்டுக்கு ஐலைக் என்ற சொல்லே தெரியாது.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. லோரி எண்ணுக்குப் பத்து எழுத்து என்று வரையறுத்த இடத்தில் பதினைந்து எழுத்து போட்டாலும் எஸ்கியூலைட் பேசாமல் வாங்கிக்கொள்ளும்; போஸ்ட்கிரெஸ் பிழை காட்டி நிறுத்தும். ஒரு பதிவு சுட்டும் இன்னொரு பதிவு உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ கட்டுப்பாட்டை எஸ்கியூலைட்டில் நாமாகப் பிராக்மா என்ற அமைப்புக் கட்டளை போட்டு இயக்க வேண்டும். பதிவே இல்லாத தோட்டக்காரர் பெயரில் சீட்டு போட்டும் என் டெஸ்ட் தேறியது அதனால்தான்.

மூன்றாவது, நிஜ போஸ்ட்கிரெஸ்ஸை எழுப்பித் தரும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்ற கருவி. டெஸ்ட் தொடங்கும்போது மென்பொருளைத் தனிப் பெட்டியில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரில் நிஜ போஸ்ட்கிரெஸ் ஒன்று எழும், அதை அணுகக் காலியாக இருக்கும் ஏதாவது ஒரு போர்ட் எண் கிடைக்கும், முடிந்ததும் தானாகத் துடைக்கப்படும். எல்லாரும் ஒரே சோதனை சர்வரைப் பகிர்ந்துகொண்டு ஒருவர் தரவை இன்னொருவர் அழிக்கும் தொல்லை இதில் இல்லை. செலவு உண்டு: போஸ்ட்கிரெஸ் அடங்கிய இமேஜ் கோப்பை முதல் தடவை இறக்க நம் ஊர் இணையத்தில் பொறுமை வேண்டும், டாக்கருக்கு நினைவகம் வேண்டும், ஒவ்வொரு ஓட்டத்திலும் சில நொடி காத்திருக்க வேண்டும். ஒரே கன்டெய்னரை எல்லா டெஸ்டுக்கும் வைத்து, ஒவ்வொன்றையும், சேர்ந்தே பதிவாகும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்டி ரோல்பேக் செய்து பழைய நிலைக்குத் திருப்பினால் அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் கமிட் ஆன பிறகு, அதாவது நிரந்தரமாகப் பதிவான பிறகு, நடக்கும் வேலைகளை இப்படிச் சோதிக்க முடியாது. அவற்றுக்குத் தனி டெஸ்ட் எழுதுங்கள்.

மாதக் கணக்கைப் புதிதாக எழுதியபோது இதன் அருமை தெரிந்தது. முதல் தேதி காலை ஏழு மணிக்கு எடை போட்ட லோரி, நம் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தியது என்பதால், யூடிசியில் கணக்கிடும் தரவுத்தளத்தில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு பதினொரு மணி. ஒருவருடைய குலைப் பணம் தப்பான மாதத்தில் விழுந்திருக்கும். டெஸ்ட் சிவப்பானது, அதாவது தேறவில்லை; வெளியே போகுமுன் திருத்திவிட்டேன்.

என் முடிவு: வெளிச் சேவைக்கு மாக், தரவுத்தளத்துக்கு டெஸ்ட்கன்டெய்னர்ஸ். முழு மென்பொருளுக்கும் ஒரே மூச்சில் டெஸ்ட் எழுத முயல வேண்டாம். எடை, பெயர்த் தேடல், பணக் கணக்கு என்ற மூன்றில் தொடங்குங்கள். இமேஜின் பெயரில், எப்போதும் புதிய பதிப்பைக் குறிக்கும் லேட்டஸ்ட் என்று எழுதாமல், சர்வரில் ஓடும் போஸ்ட்கிரெஸ்ஸின் அதே பதிப்பு எண்ணையே எழுதுங்கள்.