கோடைக்கேற்ற கடிகாரப் பட்டை: தோல், சிலிக்கோன், எஃகுச் செயின், நைலான்

சென்னையின் கத்திரி வெயிலில் கைக்கடிகாரம் அணிபவருக்கு வெப்பத்தைவிட ஈரப்பதமே பெரிய தொல்லை. பிற்பகலில் கடற்காற்று வீசத் தொடங்கியதும் வெப்பநிலை சற்றுத் தணிகிறது. ஆனால் காற்றில் ஈரம் ஏறிவிடுவதால், மணிக்கட்டில் கசிந்த வியர்வை உலர வழியின்றிப் பட்டைக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது. என் தந்தை அணிந்திருந்த, சாவி கொடுத்து ஓடும் எச்எம்டி கடிகாரத்தை நாள்தோறும் கட்டத் தொடங்கிய பிறகு, மூன்று கோடைகளில் நான்கு வகைப் பட்டைகளை மாற்றிப் பார்த்து, இறுதியில் நைலானில் நிலைத்தேன்.

தோல் பட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வியர்வையை உறிஞ்சி, உப்புப் படிந்து விறைத்து, முதல் கோடை முடியும் முன்பே அது நாற்றமெடுத்துவிட்டது. திருமண வீடுகளுக்குச் செல்லும்போது அணிவதற்கென்று ஒன்று மட்டும் பெட்டியில் இருக்கிறது.

சிலிக்கோன் பட்டை மென்மையானது, விலை குறைவானது, குழாய் நீரில் கழுவினால் உடனே தூய்மையாகிவிடும். ஆயினும் அது காற்றை ஊடுருவ விடுவதில்லை என்பதால், மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம் செல்வதற்குள் அடியில் நீர் கோத்துக்கொள்ளும். சட்டைக் கையின் பஞ்சும் தெருப் புழுதியும் மேலே ஒட்டிக்கொள்ளும். எஃப்கேஎம் எனப்படும் உயர்தர ரப்பர் பட்டையில் தூசி அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் மட்டுமே அணிந்தேன் என்பதால், அதற்கு மேல் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நைலானுக்கு உண்மையான போட்டி எஃகுச் செயின்தான். கண்ணிகளுக்கு இடையே காற்று புகும், வியர்வையை உறிஞ்சாது, பல ஆண்டுகள் உழைக்கும். வெயிலில் மணிக்கட்டு சிறிது வீங்கும்போது, கொக்கியிலேயே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள செயின் தரும் நிம்மதியை நைலானால் தர இயலாது. நைலானில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி அதிகம். இதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் செயின் வாங்குமுன் யோசிக்க வேண்டும். கடிகாரச் செயின்களுக்குப் பரவலாகப் பயன்படும் 316எல் என்ற துருப்பிடிக்காத எஃகிலும் 10 முதல் 14 விழுக்காடு நிக்கல் உண்டு.

இவ்வளவு இருந்தும் செயினைக் கழற்றி வைத்ததற்குக் காரணம் கழுவும் வேலைதான். கண்ணிகளின் இடுக்கில் வியர்வையும் தூசியும் சேர்ந்து கரிய பசைபோல் படிகின்றன. சோப்பு நீரும் மென்மையான பல் துலக்கியும் கொண்டு தேய்த்தால் அது போய்விடும். ஆனால் அதற்குக் கடிகாரத்தையும் சேர்த்து நனைக்க வேண்டும், அல்லது செயினைக் கடிகாரத்தோடு பிணைக்கும் முனைக் கம்பிகளை நெம்பிச் செயினைத் தனியே எடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டுப் பழமையான ஒரு கடிகாரத்தை நீருக்கு அருகில் கொண்டுபோக எனக்குத் துணிவில்லை; வாரந்தோறும் கம்பியை நெம்புவதால், அதைத் தாங்கி நிற்கும் முனைகளான கடிகாரத்தின் காதுகளில் கீறல் விழுவதைக் காணவும் மனமில்லை.

கம்பிகளுக்கு அடியில் நுழைத்து இழுக்கும் ஒற்றை நைலான் பட்டையில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. எந்தக் கருவியும் இன்றி நொடிப்பொழுதில் உருவி எடுத்து, கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, பட்டையை மட்டும் குளியல் சோப்பால் துவைத்து மின்விசிறிக்கு அடியில் தொங்கவிட்டால், கோடையில் மறுநாள் காலைக்குள் உலர்ந்துவிடுகிறது. நைலான் பருத்தியைவிட ஈரத்தைக் குறைவாக உறிஞ்சுவதே அதற்குக் காரணம். ஒரு கம்பி அறுந்தாலும் கடிகாரம் கீழே விழாமல் மற்றொன்றில் தொங்கி நிற்பது கூடுதல் நன்மை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973இல் தன் படையினருக்கென வரையறுத்த நைலான் பட்டையும் இவ்வாறு நுழைத்துக் கட்டும் வகைதான். ஆனால் அந்தப் படைப் பட்டையில் கடிகாரத்துக்கு அடியில் இரண்டு அடுக்குத் துணி வரும். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம். ஓர் அடுக்கு மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய உருவமுள்ள பழைய கடிகாரங்கள் இரண்டடுக்கின் மேல் மேடேறியதுபோல் உயர்ந்து நிற்கும் என்பதும் கவனிக்கத்தக்கது.

குறைகளும் உண்டு. மலிவான பட்டைகளின் விளிம்பு முதல் சில நாள்கள் தோலை உரசும். நெருக்கமான நெசவும், வெப்பத்தால் உருக்கி மூடப்பட்ட துளைகளும் உள்ளனவா என்று விரலால் தடவிப் பார்ப்பது நல்லது. மூன்று நாள்கள் துவைக்காமல் விட்டால் இதுவும் நாறும். வாங்குமுன் கடிகாரக் காதுகளுக்கு இடையேயான அகலத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். 18, 20, 22 மில்லிமீட்டர் ஆகியவையே பரவலாகக் கிடைக்கும் அளவுகள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவில் துவைத்தது காலையில் ஈரமாகவே இருக்கும் என்பதால், நான் சாம்பல் நிறத்தில் ஒன்றும் கருநீலத்தில் ஒன்றும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கட்டுகிறேன்.