ஃபால்அவுட் 3: உலகத்தை நம்பலாம், முடிவை நம்ப முடியாது

அணுகுண்டுப் போரில் அழிந்த வாஷிங்டன், ராட்சதத் தேள், கதிர்வீச்சு பட்டும் இருநூறு வருஷமாகச் சாகாத மனிதர்கள், இதையெல்லாம் 2008இல் வந்த இந்த கேம் காட்டும்போது மறுபேச்சில்லாமல் நம்பினேன், அந்த உலகம் அப்படித்தான், சரி. ஆனால் கடைசிக் கட்டம்! கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய்த் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தை ஓட வைக்க யாராவது உயிரைக் கொடுக்க வேண்டும். கூடவே நிற்கும் ஃபாக்ஸை, அதாவது நம்மோடு சேர்ந்து வரும் உருமாறிய ராட்சத மனிதனை, கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது, முன்னால் அப்படிப்பட்ட இடத்துக்குள் போய் நமக்கு வேண்டிய கருவியை எடுத்து வந்ததே அவன்தான். இப்போது கேட்டால், இது உன் தலையெழுத்து என்கிற மாதிரி பேசி ஒதுங்கிவிடுகிறான். தானே போட்ட விதியைத் தானே மீறும் கதையை எப்படி நம்புவது? அப்புறம் 2009இல், ப்ரோக்கன் ஸ்டீல் என்ற கூடுதல் பகுதியில், அவனை அனுப்பலாம் என்று திருத்தினார்கள். சுற்றித் திரிய அருமையான கேம். அந்தக் கூடுதல் பகுதியோடு சேர்த்தே வாங்குங்கள்.