லேபிளில் 7200, உள்ளே பாதிதான்: ஆர்.சி. டிரக்குக்கு லைப்போ வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

எலக்ட்ரிக் ஆர்.சி. (ரிமோட் கன்ட்ரோல்) டிரக் ஓட்டுகிறவர்கள், அதிலும் வண்டியோடு வந்த நிக்கல் பேட்டரியைக் கழற்றிவிட்டு முதல் தடவையாக லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போடப் போகிறவர்கள், பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துக் காசை நீட்டாதீர்கள். என்னிடம் இருப்பது ட்ராக்ஸஸ் ஸ்லாஷ், டூ வீல் டிரைவ், பிரஷ்டு மோட்டார், எக்ஸ்எல்-5 ஈஎஸ்சி (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி). இதற்கு நல்ல 2எஸ் (இரண்டு செல்) லைப்போ ஒன்று வேண்டும் என்று ஒரு ஹாபி கடையில் கேட்டேன். "7200 எம்ஏஎச், 100சி, இதுக்கு மேல கிடையாது ப்ரோ" என்று ஹார்ட் கேஸ் (கெட்டி உறை போட்ட) பேட்டரி ஒன்றை எடுத்து வைத்தார்கள், 4,800 ரூபாய். எம்ஏஎச் என்பது பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்ற அளவு, சி என்பது அதை எவ்வளவு வேகமாகத் தரும் என்ற அளவு. கூடவே அலுமினியம் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு செட்டும் தலையில் கட்டினார்கள்.

முதல் நாளே வண்டி மந்தமாக இருந்தது. கிளம்பும்போது ஒரு உதறல், அப்புறம் இழுவை இல்லை, எதிர்பார்த்த நேரத்துக்கு வெகு முன்பே லோ வோல்டேஜ் கட் ஆஃப் (வோல்ட் குறைந்தால் வண்டியை நிறுத்தும் பாதுகாப்பு) விழுந்து நின்றுவிட்டது. சார்ஜரில் போட்டு முழு சார்ஜான 8.4 வோல்ட் வரை ஏற்றினால் உள்ளே போனது 3,540 எம்ஏஎச். சார்ஜர் பொய் சொல்கிறதோ என்று நண்பரின் 5000 எம்ஏஎச் பேட்டரியை அதே வண்டியில் கட்டாகும் வரை ஓட்டி அதே சார்ஜரில் போட்டேன், அது 4,500 சொச்சம் வாங்கியது. சார்ஜர் சரியாகத்தான் இருக்கிறது.

அடுத்து தெருமுனை அண்ணாச்சி கடைத் தராசில் வைத்தேன், 196 கிராம். உருப்படியான 2எஸ் 5000 ஹார்ட் கேஸ் பேட்டரியே 250-லிருந்து 300 கிராம் வரை இருக்கும். 7200 எம்ஏஎச்சை 7.4 வோல்ட்டால் பெருக்கினால் 53 வாட்-அவர் வருகிறது, அதை 196 கிராமில் அடைக்கும் ரேஸ் லைப்போ எதுவும் கிடையாது. ஆக, கடையிலேயே ஒரு சின்னத் தராசு போதும், பாதி மோசடி அங்கேயே தெரிந்துவிடும்.

100சி கதை இன்னும் வேடிக்கை. சி எண்ணை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் அந்தப் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டம் வரும், அதாவது 720 ஆம்பியர்! அதன் முனையில் மாட்டியிருந்தது எக்ஸ்டி60 கனெக்டர், 60 ஆம்பியர் என்று பெயரிலேயே இருக்கிறது. இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (பேட்டரியின் உள் மின்தடை) காட்டும் சார்ஜரில் பார்த்தால் ஒரு செல் 14 மில்லிஓம், இன்னொன்று 23. இந்த அளவுப் புது பேட்டரியில் செல்லுக்கு ஒற்றை இலக்கம்தான் இருக்க வேண்டும். மோட்டார் 30 ஆம்பியர் இழுத்தாலே ஒரு வோல்ட்டுக்கு மேல் பேட்டரிக்குள்ளேயே வெப்பமாகப் போய்விடும், மந்தத்துக்கு அதுதான் காரணம். இரண்டு செல்லும் இவ்வளவு வித்தியாசமாக இருந்தால் பலவீனமான செல் ஒவ்வொரு ஓட்டத்திலும் மற்றதைவிட முன்பே அடிமட்டத்துக்குப் போகும், அப்படித்தான் சீக்கிரமே கேஸ் பக்கவாட்டில் உப்ப ஆரம்பித்தது. உப்பிய லைப்போவை மறுபடி சார்ஜ் செய்யக் கூடாது, குத்திப் பார்க்கவும் கூடாது.

கடைக்குக் கொண்டுபோனேன். "லோ வோல்டேஜ் கட் ஆஃப் ஆன் பண்ணாம ஓட்டியிருப்பீங்க ப்ரோ" என்றார் கடைக்காரர். எக்ஸ்எல்-5-இல் விளக்கு பச்சையாக எரிந்தால் கட் ஆஃப் ஆன், சிவப்பு என்றால் ஆஃப். வண்டியையே கொண்டுபோயிருந்தேன், அங்கேயே போட்டுப் பச்சையைக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது. "சரி, பேட்டரிக்கெல்லாம் வாரண்டி கிடையாது, பேசாம 3எஸ் போடுங்க, பறக்கும்." இதைக் கேட்டதும்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. எக்ஸ்எல்-5 லைப்போவில் 2எஸ் வரைதான் தாங்கும். முழு சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும் 3எஸ்-ஐ அதில் மாட்டினால் ஈஎஸ்சி போகும், பிழைத்தாலும் பிரஷ்டு மோட்டார் வெந்துவிடும். 3எஸ் வேண்டுமென்றால் பிரஷ்லெஸ் மோட்டாரும் அதற்கேற்ற ஈஎஸ்சியும் சேர்த்து மாற்ற வேண்டும், அது தனிச் செலவு. அதைச் சொல்லாமல் விற்கிறவரிடம் ஸ்கூல் பையன் ஒருவன் போனால் என்ன ஆகும்?

அலுமினியம் ஆர்ம் பற்றியும் ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் ஆர்ம் அடி வாங்கினால் வளைந்து திரும்பிவிடும். அலுமினியம் அடியை அப்படியே உள்ளே தள்ளும், இல்லையென்றால் வளைந்தது வளைந்தபடியே நிற்கும். நடைபாதைக் கல்லில் ஒரு மோதல், ஆர்ம் லேசாக வளைந்தது, பின்னால் ஆர்மைத் தாங்கும் பல்க்ஹெட்டில் விரிசல். பார்க்கப் பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

பில்லில் "ஆர்.சி. பொருட்கள்" என்று மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நீங்கள் வாங்கினால் மாடல், எம்ஏஎச், சி, செல் எண்ணிக்கை எல்லாவற்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். கடையிலேயே செல் செக்கர் வைத்துப் பாருங்கள், விற்பனைக்கு வரும் லைப்போ செல்லுக்கு 3.8 வோல்ட் அருகில் இருக்க வேண்டும், இரண்டு செல்லும் கிட்டத்தட்ட ஒன்றாகக் காட்ட வேண்டும்.

யுபிஐ ரசீது, சார்ஜர் திரை, தராசு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அதன் பிறகு கடையிலிருந்து போன் வந்தது, பாதிப் பணத்துக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதே அலமாரியிலிருந்து இன்னொரு பேட்டரியா? பணமாகத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன், புகார் இன்னும் நடக்கிறது.