சப்மரைனர் அசலா? மூடியைத் திறந்து காட்டிய கடை

செகண்ட் ஹேண்ட் ரோலக்ஸ் சப்மரைனர் (தண்ணீருக்குள் முக்குளிப்பவர்களுக்கான வாட்ச்) வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் நல்ல வாட்ச் ரிப்பேர் கடையில் காட்டியே ஆக வேண்டும். நான் வாங்க நினைத்தபோது விற்பவரையும் கூடவே கடைக்கு அழைத்துப் போனேன். வாட்ச், 2010-இல் அறிமுகமான 116610 மாடல். கடைக்கார அண்ணன் முதலில் பெசலை, அதாவது டயலைச் சுற்றியுள்ள வளையத்தை, திருப்பினார். இடஞ்சுழியாக மட்டுமே சுற்றியது. முழுச் சுற்றுக்கு 120 க்ளிக், துளி ஆட்டம் இல்லை. "சீரியல் நம்பரை மட்டும் நம்பாதீங்க தம்பி, போலியிலும் அதைப் பொறிக்கிறாங்க" என்றார்.

அப்புறம் பின்மூடியைத் திறந்தார். லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடி) வழியாகப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது: வாட்சை ஓட்டும் ரோலக்ஸின் 3135 மெஷின், பேலன்ஸ் வீலை (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் சக்கரம்) இரு பக்கமும் தாங்கும் பாலம், அந்தச் சக்கரத்தின் நீல ஹேர்ஸ்பிரிங் (மெல்லிய சுருள்). நீல நிறத்தையும் காப்பியடிக்கிறார்களாம். அதனால் திருகின் பள்ளம், விளிம்பின் பாலிஷ் என்று ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் காட்டினார்.

மூடியதும், தண்ணீர் உள்ளே புகாதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட்டும் செய்தார். டயலில் 300 மீட்டர் என்று இருந்தாலும், திறந்து மூடிய வாட்சை டெஸ்ட் செய்யாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. பிரஷர் டெஸ்ட் மெஷின் இல்லாத கடையில் மூடியைத் திறக்கவே விடாதீர்கள்.