தமிழ்ப் பட்டியலை வரிசைப்படுத்த: கீயா, கொம்பரேட்டரா?

ஊர்ச் சனசமூக நிலையத்து நூல் பட்டியலைப் பைதன் என்ற நிரல் மொழியில் ஏற்றி அகர வரிசைப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. சும்மா சோர்ட் செய்தால் 'அன்பு' முதலில், 'அம்மா' பிறகு. பைதன் பார்ப்பது யுனிகோட் எண்ணை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் கொடுத்திருக்கும் எண்ணை மட்டும்தான். அதில் ந-வுக்கு அடுத்ததே ன, வ-வுக்கு முன்னால் ழ. வாசிகசாலைக்கு வருகிறவர்கள் அகராதி ஒழுங்கில்தான் தேடுவார்கள், ஆகவே ஒழுங்கை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டுமே நாம் எழுதி சோர்ட்டுக்குக் கொடுக்கும் சின்ன நிரல்கள். கொம்பரேட்டர் இரண்டு தலைப்பை வாங்கி எது முந்தியது என்று சொல்லும். கீ ஒரு தலைப்பை வாங்கி, அதற்குப் பதிலாக ஒப்பிட வேண்டிய பெறுமானத்தைத் தரும். வேகத்தில் கீதான்: 1000 தலைப்புக்குக் கீ 1000 தடவை ஓடும், கொம்பரேட்டர் 10,000 வரை போகலாம். ஆனால் ஊர் நூலகத்துக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

நான் கீயைப் பிடித்துக்கொண்டது பராமரிப்புக்காக. ஒவ்வொரு எழுத்தையும் மெய், உயிர் என்று இரண்டு எண்ணாக்கினேன். க் என்றால் 1, 0. க என்றால் 1, 1. கா என்றால் 1, 2. புள்ளிக்குப் பூச்சியம் கொடுத்ததால் 'அக்கா' தானாகவே 'அகம்' என்பதற்கு முன் வந்துவிடுகிறது. ஜ, ஸ, ஹ எல்லாம் ன-வுக்குப் பிறகு வரட்டும் என்றால் அட்டவணையில் எண்ணைப் போட்டால் சரி. பழைய கோப்புகளில் கொ-வின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகக் கிடக்கும். அதை ஒன்றாக்கும் என்எஃப்சி (யுனிகோடின் சீராக்கும் முறை) வரியையும் கீக்குள்ளே ஒரே இடத்தில் வைத்துவிடலாம். ஒரு தலைப்பு தப்பான இடத்தில் நின்றால் அதன் கீயைப் பிரின்ட் பண்ணிப் பார்த்தால் எந்த எழுத்தில் பிசகு என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கொம்பரேட்டரில் அப்படிப் பார்க்க ஒன்றுமில்லை, 'இப்படியென்றால் அப்படி' என்று இஃப் மேல் இஃப் அடுக்கிக்கொண்டே போக வேண்டும், அப்புறம் எங்கோ ஓரிடத்தில் முதலாவது இரண்டாவதுக்கு முந்தியது, இரண்டாவது மூன்றாவதுக்கு முந்தியது, ஆனால் மூன்றாவது முதலாவதுக்கு முந்தியது என்று முரண்பட்டுவிட்டால் பைதன் எந்தப் பிழையும் காட்டாது, பட்டியல் மட்டும் குழம்பி வரும். எண்களாலான கீயில் இந்தச் சுற்று வரவே வராது.

கொம்பரேட்டர் தேவைப்படும் இடமும் உண்டு. 9, 91 போன்ற எண்களை ஒட்டி மிகப் பெரிய எண்ணை ஆக்கச் சொன்னால் 991, 919 இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் நேர்வழி. பைதன் 3 இல் அதையும், கொம்பரேட்டரைக் கீயாக மாற்றித் தரும் சிஎம்பி-டு-கீ வழியாகத்தான் கொடுக்க முடியும். ஆசிரியர் பெயர் இறங்கு வரிசையில், தலைப்பு ஏறு வரிசையில் என்று கேட்டாலும் கொம்பரேட்டர் சுகம் என்பார்கள், எனக்கு அது கூடத் தேவைப்படவில்லை. பைதனின் சோர்ட் சமமானவற்றின் ஒழுங்கைக் குலைக்காது என்பதால் முதலில் தலைப்பால், பிறகு ஆசிரியரால் என்று இரண்டு தடவை ஓட்டினால் போதும்.

ஐசியூ என்ற ஆயத்த நிரல் தொகுப்பு தமிழ் ஒழுங்கை ஏற்கெனவே வைத்திருக்கிறது. அதைச் சின்னப் பட்டியல்களில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஆகவே அடித்துச் சொல்ல மாட்டேன். அதுவும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கீயைத்தான் ஆக்கித் தரும், அப்படியே சோர்ட்டுக்குக் கொடுத்துவிடலாம்.