ஃபோமா, ரப்பரா, புது வூஃபரா: பழைய ஸ்பீக்கருக்கு எது சரி?

பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கரை வாங்கி வந்து முன்பக்கத் துணியைக் கழற்றினால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய வட்டமான வூஃபரில், அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோன் நன்றாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டாலே உதிரும். பாலியூரிதேன் நுரையின் இயல்பு அது. காற்றின் ஈரமும் ஓசோனும் வெயிலும் சேர்ந்து 15 முதல் 25 ஆண்டுகளில் அதைப் பொடியாக்கிவிடும். பாட்டே போடாமல் பரணில் வைத்திருந்தாலும் தப்பாது.

இதற்கு மூன்று வழிகள் உண்டு: மறுபடி ஃபோம் ஒட்டுவது, ரப்பர் வளையம் ஒட்டுவது, வூஃபரையே மாற்றிவிடுவது. நான் ஃபோம் பக்கம்.

எதில் இறங்குவதற்கு முன்பும் காயிலை, அதாவது கோனின் பின்னால் காந்தத்துக்குள் அசையும் கம்பிச் சுருளை, சோதித்துவிடுங்கள். மல்டிமீட்டரில் 8 ஓம் வூஃபர் 6 ஓமை ஒட்டிக் காட்டும். 4 ஓம் என்றால் 3 முதல் 3.5 வரை. இணைப்பே இல்லை என்று காட்டினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அப்புறம் கோனின் இருபுறமும் விரல் வைத்து மெல்ல அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் உடனே மனம் தளர வேண்டாம். ஃபோம் போனபின் கோன் ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசுவது சகஜம். கோனைச் சற்று நகர்த்திப் பிடித்ததும் உரசல் நின்றால் காயில் நன்றாகவே இருக்கிறது என்று நம்பலாம்.

ரப்பரை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது: அது நெடுநாள் உழைக்கும். ஆனால் ரப்பர் ஃபோமைவிடக் கனம். கோனோடு சேர்ந்து அசையும் எடை கூடினால் அதே சக்திக்கு ஒலி கொஞ்சம் குறையும், வூஃபரின் ஒத்ததிர்வும் (அது தன்னியல்பாக அதிகம் அதிரும் அதிர்வெண்) இடம் மாறும். மூடிய பெட்டி ஸ்பீக்கர்களில் இது இன்னும் முக்கியம். எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954இல் தொடங்கிய அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் பிரபலமாக்கிய அமைப்பு அது. பெட்டிக்குள் அடைபட்ட காற்றே அங்கே ஸ்பிரிங். வளையம் மிக மென்மையாக இருந்தால்தான் அந்தக் கணக்கு சரியாகும். நீண்டநாள் வரட்டும் என்று ஒரு ஜோடிக்கு விறைப்பான ரப்பர் போட்டேன். பேஸ் மெலிந்துபோனது. பிரித்து ஃபோம் ஒட்டியபின்தான் பழைய கனம் திரும்பியது. முதலிலேயே ரப்பரோடு வந்த வூஃபர் என்றால் ரப்பரே போடுங்கள். துணி வளையம் கிழியாமல் இருந்தால் அதைப் பிரிக்கவே வேண்டாம்.

புது வூஃபர் போடுவது பார்க்க எளிது, நாலு ஸ்குரூ வேலை. ஆனால் ஓட்டையின் அளவு பொருந்துவதால் மட்டும் ஒலி பொருந்தாது. பெட்டியின் கொள்ளளவும், தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சர்க்யூட்டும் பழைய வூஃபருக்காகக் கணக்கிடப்பட்டவை. காயில் கருகிப்போயிருந்தால் வேறு வழியில்லை. அப்போதும் அதே மாடலின் பழைய வூஃபரைத் தேடிப் பிடித்து அதற்கு ஃபோம் ஒட்டுவதே மேல்.

சரி, ஒட்டும்போது காயிலை நடுவில் நிறுத்துவது எப்படி? இதிலும் இரண்டு முறைகள். ஒன்று, கோனின் நடுவிலுள்ள தூசி மூடியை பிளேடால் வெட்டி எடுத்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் சுற்றிலும் செருகி, பசை காய்ந்தபின் உருவுவது. மற்றது, மூடியைத் தொடாமல், பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சன்னமாக ஓடவிட்டு, உரசல் கேட்காத இடத்தில் வளையத்தை நிறுத்துவது. இரண்டாவதில் மூடி சேதமாகாது, ஆனால் காது பழகியிருக்க வேண்டும். முதல் தடவை செய்கிறவருக்குப் பட்டை முறையைத்தான் சொல்வேன். எந்த முறையானாலும் வளையத்தை முதலில் கோனில் ஒட்டிக் காயவிட்டு, பிறகே சட்டத்தில் ஒட்டுங்கள். மெதுவாகக் காயும் வெள்ளைப் பசைதான் நல்லது. உடனே பிடிக்கும் பசை திருத்த நேரம் தராது. பழைய பசையைச் சுரண்டி ஆல்கஹாலால் துடைக்கலாம். பிளாஸ்டிக் கோன் பக்கம் அசிட்டோனைக் கொண்டுபோகவே கூடாது.

கிராஸ்ஓவரில் எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். வயதானால் அதன் மதிப்பு நகர்ந்துவிடும். ஃபிலிம் கெபாசிட்டர் பல ஆண்டு தாங்கும். ஆனால் அதன் உள்தடை குறைவு என்பதால் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் சற்றுக் கூர்மையாகக் கேட்கலாம். அப்படியானால் சிறு ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் போதும். எதை மாற்றினாலும் இரண்டு பெட்டியிலும் ஒன்றாக மாற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் 1.5 வோல்ட் பேட்டரியைப் பெட்டியின் பின்பக்க இணைப்பில் பிளஸ்ஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டிக் கோன்களும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒரு பெட்டியில் வயர் மாறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் பாட்டுப் போட்டால், நீங்கள் பாடுபட்டு மீட்ட பேஸை இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்கொன்று அழித்துவிடும்.